பிள்ளைக்கு இழுப்பு வந்தால் முதலில் பம்பை எடுங்கள்! "பழகிவிடும்" என்று ஒளித்து வைத்தால் ஆபத்து

ராத்திரி மணி 1. பிள்ளை படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. படுக்க முடியவில்லை. நெஞ்சில் பூனை கத்துவது போல "கிர்.. கிர்.." என்று சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருகிறது.

அலமாரியில் மருந்து இருக்கிறது. போன மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த பம்பு. அட்டைப்பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அதை எடுக்காதேம்மா. ஒரு தடவை குடுத்தா பழகிடும். அப்புறம் ஆயுசு பூரா விடாது" என்கிறார் பாட்டி. தைலம் தேய்க்கிறார்கள். வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கிறார்கள். இருமல் சிரப் 2 மூடி ஊற்றுகிறார்கள். மணி 3 ஆகிறது. பிள்ளையால் பேச முடியவில்லை. அப்புறம்தான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்காலமும் மார்கழிக் குளிரும் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் "வீசிங்" என்ற வார்த்தையைக் கேட்காத தெருவே கிடையாது. நோய் வந்ததால் மட்டும் பிள்ளை ஆபத்துக்குப் போவதில்லை. வீணாகக் கழிந்த அந்த 2 மணி நேரம்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நுரையீரலுக்குள் காற்று போகும் குழாய்கள் சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் குறுகல். இழுப்பு வரும்போது 3 காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுக்கிப் பிடிக்கிறது. உள்தோல் வீங்குகிறது. சளி சுரந்து அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வர வழி தெரியாமல் திணறுகிறது. அந்த விசில் சத்தம்தான் வீசிங்.

பிள்ளைகளுக்கு இதைத் தூண்டிவிடுவதில் முதல் இடம் சாதாரண ஜலதோஷக் கிருமிக்கு. அடுத்தது தூசி, புகை. பாடியில் இருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் ஓடும் லாரிப் புகைக்கும், கரையான்சாவடி, குமணன்சாவடி சந்திப்புகளில் எழும்பும் தூசிக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்குள் கொசுவர்த்தி, சாம்பிராணி, அப்பா பிடிக்கும் சிகரெட் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

போகிப் பண்டிகையைக் கேட்கவே வேண்டாம். 2018-ம் ஆண்டு போகியன்று சென்னையில் புகை மண்டியதில் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் பல விமானங்கள் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால் 5 வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாய் என்ன ஆகும்?

லண்டன் சிறுமி

ரோட்டுப் புகை என்ன செய்யும் என்பதற்கு லண்டனில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது.

எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி. வாகன நெரிசல் மிகுந்த ஒரு பெரிய ரோட்டை ஒட்டி அவள் வீடு. ஆஸ்துமாவால் ஏறக்குறைய 30 தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில் இறந்துபோனாள். தாய் விடவில்லை. வருஷக்கணக்காகப் போராடினார். மறுபடி மரண விசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். இங்கிலாந்தில் ஒருவரது சாவுக்குக் காற்று மாசு காரணம் என்று பதிவானது அதுவே முதல் தடவை.

ரோட்டுப் புகையை ஒரு தாயாலோ தகப்பனாலோ நாளைக்கே நிறுத்திவிட முடியாது. ஆனால் பம்பை எடுக்க முடியும்.

மகள் கேட்ட கேள்வி

இந்தப் பம்பு வந்த கதையே சுவையானது. 1955-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் மெய்சன் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குமிழை அழுத்தி அழுத்தி மருந்தை இழுத்து அலுத்துப்போன அந்தப் பெண், "தலைக்கு அடிக்கிற ஸ்பிரே போல இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?" என்ற பொருளில் அப்பாவிடம் கேட்டாள். அப்பா யோசித்தார். மறு வருஷமே, 1956-ல், அளவாக மருந்து பீய்ச்சும் முதல் பம்பு கடைக்கு வந்தது.

இன்று நாம் பயன்படுத்தும் சால்பியூட்டமால் என்ற மருந்து 1969-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இறுகிய தசையைச் சில நிமிஷத்தில் தளர்த்திவிடும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்தாலின் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். அரசாங்கத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"சிரப்பு லேசு, பம்பு ஸ்ட்ராங்கு" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

சால்பியூட்டமால் சிரப் 1 டீஸ்பூனில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 0.1 மில்லிகிராம். அதாவது சிரப்பில் உள்ளதில் 20-ல் ஒரு பங்கு! சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வர வேண்டும். பம்பு மருந்து நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. அதனால்தான் கொஞ்சம் போதும், சீக்கிரம் கேட்கிறது.

பழகிவிடுமா? பழகாது. சாராயம், புகையிலை போல உடம்பு அடிமையாகிற மருந்து அல்ல இது. கொஞ்ச நேரம் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். அது தானாக அடங்கிவிடும்.

4-4-4

சும்மா வாயில் வைத்து அழுத்தினால் பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிப்போகும். பிள்ளைகளுக்கு "ஸ்பேசர்" என்ற பிளாஸ்டிக் குழல் கட்டாயம் வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் அதன் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் முதலுதவியாக ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள். நினைவில் வைத்துக்கொள்ள சுலபம். 4-4-4.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் சொருகுங்கள். ஒரு அழுத்து. 4 மூச்சு இழுக்கட்டும். மறுபடி குலுக்கி அடுத்த அழுத்து. இப்படி 4 அழுத்து. பிறகு 4 நிமிஷம் காத்திருங்கள். குறையவில்லையா? இன்னொரு 4. அதற்கும் கேட்கவில்லை என்றால் 108-க்குப் போன். வண்டி வரும் வரை 4 நிமிஷத்துக்கு 4 அழுத்து என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் 4 அழுத்தையும் ஸ்பேசருக்குள் அடித்துவிடக் கூடாது. ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும்.

வயதுக்கும் எடைக்கும் தகுந்தபடி உங்கள் பிள்ளைக்கு எத்தனை அழுத்து என்பதை டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 1 மணிக்கு யோசிக்கிற வேலை இருக்கக் கூடாது.

டீ கப் பரபரப்பு

ஸ்பேசர் இல்லையே, என்ன செய்வது? இங்கே ஒரு சம்பவத்தை நினைவுபடுத்த வேண்டும்.

2023 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் பெரும் பரபரப்பு. உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மூச்சுத்திணறலோடு வந்த மாணவனுக்கு, மாஸ்க்குக்குப் பதிலாக டீ குடிக்கும் பேப்பர் கப்பைக் குழாயில் மாட்டி மருந்து கொடுத்தார்கள். அந்தக் காட்சி செல்போனில் ஊரெல்லாம் பரவியது. அப்போது சுகாதார மந்திரியாக இருந்த மா.சுப்பிரமணியன் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

"கப்பிலேயா மருந்து குடுப்பாங்க?" என்று எல்லோரும் கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் கப்புக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அதற்கு 24 வருஷம் முன்பே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரக் குழந்தைகள் டாக்டர் ஹெதர் ஸார். விலை கொடுத்து ஸ்பேசர் வாங்க முடியாத ஏழைத் தாய்மார்களுக்கு வழி தேடினார். இழுப்போடு வந்த பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குக் கடை ஸ்பேசர், சிலருக்கு 500 மில்லி குளிர்பான பாட்டில், சிலருக்குத் தெர்மோகோல் கப் என்று பம்போடு வைத்துக் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1999-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இடைவெளி இல்லாமல் ஒட்டிய பாட்டில், கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. கடைசி இடம் கப்புக்கு!

செய்முறை சுலபம். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை போடுங்கள். சுற்றிலும் காற்று போகாமல் ஒட்டுங்கள். பாட்டிலின் வாயைப் பிள்ளை உதட்டால் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இது ஆகும். கைக்குழந்தைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர்தான். கடை ஸ்பேசர் கிடைக்கும் வரை தலைவலிக்குத் துணி கட்டியது போல இது ஒரு தற்காலிக ஏற்பாடு.

நெபுலைசர் ஆவி பிடிப்பதா?

பலர் நெபுலைசரில் வரும் புகையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியிலேயும் ஆவிதானே வைக்கிறாங்க, அதையே வீட்டிலே செஞ்சா என்ன?" என்று வெந்நீர்ச் சட்டியைத் தூக்குகிறார்கள். இது தவறு. நெபுலைசரில் வருவது குளிர்ந்த மருந்துத் துளி. அதில் இருப்பதும் அதே சால்பியூட்டமால்தான். வெந்நீர் ஆவியில் மருந்து எதுவும் கிடையாது. இறுகிய தசையை அது தளர்த்தாது. சட்டி கவிழ்ந்து பிள்ளை வெந்துபோவதுதான் மிச்சம்.

பம்பும் ஸ்பேசரும் சரியாகப் பயன்படுத்தினால், சாதாரணமான, நடுத்தரமான இழுப்புக்கு நெபுலைசருக்குக் குறைந்தது அல்ல என்று உலகம் முழுவதும் நடந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கரண்டு போனாலும் பம்பு வேலை செய்யும் என்பது நம் ஊருக்கு இன்னொரு வசதி.

இந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடுங்கள்

ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியாமல் ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுப் பேசுவது. விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் சதை உள்வாங்குவது. முன்னால் குனிந்து கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவது. கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் விலகுவது. உதடும் நகமும் நீலம் பாய்வது. பிள்ளை குழம்பிப்போவது, அல்லது தூங்கி வழிவது.

இன்னொன்று முக்கியம். "சத்தம் நின்னுடுச்சு, சரியாப் போச்சு" என்று ஏமாந்துவிடாதீர்கள். பிள்ளை தவித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுதான் டாக்டர்களே பயப்படுகிறார்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் விரலில் மாட்டிப் பாருங்கள். 94-க்கு மேல் இருந்தால் நிம்மதி. அதற்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம்பர் நன்றாக இருந்து பிள்ளை தவித்தால் பிள்ளையை நம்புங்கள், மெஷினை நம்ப வேண்டாம்.

நன்றாக விளையாடிக்கொண்டே வேர்க்கடலையோ பட்டாணியோ தின்ற பிள்ளைக்குத் திடீரென்று மூச்சு அடைத்தால் அது வேறு சங்கதி. பொருள் சிக்கியிருக்கலாம். பம்போடு உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது?

"எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்" என்று ஆவடியில் இருந்தே கிளம்புகிறவர்கள் உண்டு. நல்ல ஆஸ்பத்திரிதான், சந்தேகமில்லை. ஆனால் அது 20 கிலோமீட்டருக்கு மேல். மூச்சுத் திணறும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து அவ்வளவு தூரம் காற்றில் போவது விபரீதம்.

முதலில் பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மூச்சைச் சமாளித்த பிறகு தேவைப்பட்டால் எழும்பூருக்கு அவர்களே ஆம்புலன்சில் அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய 108 வண்டியில் ஆக்சிஜன் உண்டு. காசு கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அது. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

ஆக்சிஜன் வைப்பார்கள். முதல் 1 மணி நேரத்தில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை சால்பியூட்டமால் கொடுப்பார்கள். கடுமையாக இருந்தால் இப்ராட்ரோபியம் என்ற இன்னொரு மருந்தையும் சேர்ப்பார்கள். வீக்கம் குறைய ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். இது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். அப்படியும் அடங்காவிட்டால் மெக்னீசியம் டிரிப் ஏற்றுவார்கள்.

"ஊசி போடலையே சார்" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முழுங்க முடிகிற பிள்ளைக்கு ஸ்டீராய்டு மருந்தை வாயில் கொடுத்தாலே ஊசிக்குச் சமம். 3 முதல் 5 நாள் வரை எழுதித் தருவார்கள். ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆன்டிபயாடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது.

சிரப் எச்சரிக்கை

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் இருமல் சிரப் இழுப்பை நிறுத்தாது. சில சிரப் பிள்ளையைத் தூங்கவைத்து ஆபத்தை மறைத்துவிடும்.

கலப்படம் வேறு. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஒரு கம்பெனி தயாரித்த கோல்ட்ரிப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து, 2025-ல் மத்தியப்பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் இருந்தது தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில் தெரிந்தது. அந்த அக்டோபரில் கம்பெனி உரிமம் ரத்தானது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். சளிக்கும் இருமலுக்கும் கை போன போக்கில் சிரப் ஊற்றுகிற பழக்கத்தை இதற்குப் பிறகாவது விட வேண்டாமா?

வீட்டுக்கு வந்த பிறகு

இழுப்பு அடங்கியதும் கதை முடிந்தது என்று நினைப்பதுதான் இன்னொரு தவறு. சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும், உள் வீக்கத்தை ஆற்றாது. அடிக்கடி இழுப்பு வரும் பிள்ளைக்கு பியூடெசோனைடு போன்ற தடுப்புப் பம்பை தினமும் போட டாக்டர் சொல்வார். நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டும். போட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

"ஸ்டீராய்டு போட்டால் பிள்ளை வளராதே" என்று பயம். பல வருஷம் போட்டவர்களை வளர்ந்த பிறகு அளந்து பார்த்ததில் வித்தியாசம் சுமார் 1 சென்டிமீட்டர். ஒவ்வொரு மழைக்கும் மூச்சுத் திணறுவதோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

2019 கணக்குப்படி இந்தியாவில் 3 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா. உலகத்தில் உள்ள ஆஸ்துமாக்காரர்களில் இது சுமார் 13 சதவீதம். ஆனால் ஆஸ்துமா சாவில் இந்தியாவின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல்! இறந்தவர்களில் பெரியவர்களே அதிகம். தடுப்புப் பம்பைப் போடாமல் விடுவது இதற்கு ஒரு பெரிய காரணம் என்கிறார்கள் டாக்டர்கள். அந்தப் பெரியவர்களில் பலர் ஒரு காலத்தில் வீசிங் வந்த பிள்ளைகள்தானே?

கத்தரித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்

1. பம்பு, ஸ்பேசர், டாக்டர் எழுதிய அளவுச்சீட்டு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும், பாட்டிக்கும், அந்த இடம் தெரிய வேண்டும்.

2. பள்ளிக்கூடப் பையில் இன்னொரு பம்பு. வகுப்பு டீச்சருக்கு விஷயம் தெரிய வேண்டும்.

3. பம்பில் 200 அழுத்து இருக்கும். எப்போது தொடங்கினோம் என்று தேதி எழுதி ஒட்டுங்கள். காலி டப்பாவும் அழுத்தினால் "புஸ்" என்று சத்தம் போடும். அதில் ஏமாறாதீர்கள்.

4. ஒரு வருஷத்தில் 3 பம்பு காலியாகிறதா? நோய் கட்டுக்குள் இல்லை. டாக்டரைப் பாருங்கள்.

5. ஒரு தடவை கொடுத்த மருந்து 3, 4 மணி நேரம்கூடத் தாங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

6. ஸ்பேசரை சோப்பு நீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காயவிடுங்கள்.

7. பிள்ளை இருக்கும் வீட்டில் சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். போகியன்று ஜன்னலைச் சாத்துங்கள். டயர் எரிக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

8. இழுப்பு வந்தால் முதலில் பம்பு. அப்புறம்தான் மற்றதெல்லாம்.